பை சுமந்த தோள்

எழுபதுகளின் கடைசியில் சென்னையின் ஒரு கோல்ஃப் மைதானத்தில் நான் கேடியாகப் பை சுமந்தேன். ஆட்டத்துக்கு முன் கைகாலை நீட்டி மடக்குகிறவர் யாராவது இருந்தால் மற்றவர்கள் அவரைக் கேலி செய்வார்கள். காரை விட்டு இறங்குவார்கள், ஷூவை மாட்டுவார்கள், ஆட்டம் தொடங்கும் முதல் டீயிலேயே டிரைவர் மட்டையை முழு பலத்தோடு வீசுவார்கள். பளு தூக்கினால் தசை இறுகி ஸ்விங் கெட்டுவிடும் என்று அனுபவசாலிகளே அடித்துச் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயருக்கும் இளமையில் இதே புத்திமதிதான் கிடைத்தது. அவர் கேட்கவில்லை. விடாமல் பளு தூக்கினார். 1978இல் தம் 42ஆம் வயதில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் பட்டத்தை மூன்றாம் முறையாக வென்றார்.

ஆனாலும் அன்றைய ஆட்டக்காரர்களிடம் இரண்டு நல்ல பழக்கங்கள் இருந்தன. ஒன்று, பதினெட்டுக் குழிகளையும் நடந்தே ஆடினார்கள். இன்னொன்று, மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது இடது குதிகாலைத் தரையிலிருந்து எழவிட்டார்கள். புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் அப்படித்தான் ஆடினார். குதிகால் எழுந்தால் இடுப்பும் தோளோடு சேர்ந்து திரும்பும், முதுகு பிழைக்கும். பிறகு வந்த பாணி வேறு: இடுப்பைப் பிடித்து நிறுத்தி, தோளை மட்டும் முறுக்கி, அந்த முறுக்கிலிருந்து வேகம் எடுப்பது. பந்து தூரம் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் கீழ்முதுகின் ஐந்து எலும்புகளும் குனிந்து நிமிரத்தான் ஏற்றவை. முறுக்குவதற்கு அங்கே இடம் மிகக் குறைவு. வீசும் கணத்தில் அந்த இடத்தில் இறங்கும் அழுத்தம் உடல் எடையைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு என்று அளந்திருக்கிறார்கள். 2014க்கும் 2017க்கும் இடையில் டைகர் உட்ஸின் முதுகில் நான்கு முறை கத்தி வைத்தார்கள். கடைசி முறை எலும்புகளை இணைத்தே விட்டார்கள். 2019இல் அவர் மாஸ்டர்ஸை மீண்டும் வென்றதைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவருக்கு வாய்த்த மருத்துவமும் பயிற்சியும் நம்மில் யாருக்கு வாய்க்கும்?

இப்போது நான் பயிற்சி மைதானத்தில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் ஜிம்முக்குப் போகிறார்கள், கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பைப் பார்க்கிறார்கள். மைதானத்திலோ பேட்டரி வண்டியில் ஏறிக்கொண்டு, விட்ட நடையை மாலையில் டிரெட்மில்லில் நடந்து ஈடுகட்டுகிறார்கள். ஒரு கூடைப் பந்துகளை மூச்சுவிடாமல் அடித்துத் தீர்க்கிறார்கள். முழங்கையில் பட்டை கட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இந்தக் கூடைதான் காரணமாக இருக்கிறது. பயிற்சித் தரை விரிப்பு கெட்டியானது. அதில் மட்டை மோதும் ஒவ்வொரு அதிர்வும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறுகிறது.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது பெரிய வித்தை அல்ல. பத்து நிமிடம் வேகமாக நடங்கள். இடுப்பையும் மேல்முதுகையும் இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். குட்டை அயர்ன் மட்டையில் அரை வீச்சிலிருந்து தொடங்குங்கள், டிரைவர் கடைசியில் வரட்டும். ஐம்பதைத் தாண்டியவர் குதிகாலை எழவிடுவதற்கு வெட்கப்பட வேண்டாம். தொடைக்கும் பிட்டத்துக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது வேலை கொடுங்கள். அங்கே பலம் இல்லையென்றால் அந்தச் சுமையும் முதுகுக்குத்தான் போகும்.

இத்தனை அறிவும் வந்து சேர்ந்த பிறகும், பை சுமக்கிறவனை மட்டும் அது எட்டவில்லை. என்னைத் தொழிலில் சேர்த்துவிட்ட அண்ணன் ஒருவர் இருந்தார். காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று, பை எப்போதும் வலது தோளில். நாற்பது வயதிலேயே அந்தத் தோள் தாழ்ந்துவிட்டது, கழுத்தை ஒரு பக்கம் திருப்ப முடியாது. “என்னண்ணே, டாக்டர்கிட்ட போகலாமா?” என்றால், “ஒருநாள் கூலி யாருடா தருவா?” என்பார். நிரம்பிய பை 12 கிலோ, 15 கிலோகூட இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்தால் அது விளையாட்டல்ல, பாரம் தூக்கும் வேலை. இதே பாரத்தைச் சுமந்து பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பனையே வென்றார். தில்லியில் கேடியாக வளர்ந்த அலி ஷேர் அதே பட்டத்தை 1991இலும் 1993இலும் வென்றார். மட்டையேந்தவும் இந்தத் தோள்களுக்குத் தெரியும்.

இரண்டு தோளிலும் மாட்டும் வார் வைத்த பை தொண்ணூறுகளிலிருந்து கடைகளில் கிடைக்கிறது. உருட்டிச் செல்லும் தள்ளுவண்டியும் இருக்கிறது. இரண்டையும் கேடிக்காக வாங்குகிறவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். கோல்ஃப் ஆடுகிற நண்பர்களே, பையில் சும்மா கிடக்கும் பழைய பந்துகளையும் எடுக்கவே எடுக்காத மட்டைகளையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். முதல் டீக்கு முன் நீங்கள் உடம்பைத் தளர்த்தும்போது, உங்கள் பை சுமப்பவரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லி அதையே செய்யச் சொல்லுங்கள். உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு நாள் அவரையும் அழைத்துப் போங்கள். அன்றைய கூலியையும் கொடுத்துவிடுங்கள்.