மெழுகுவர்த்திக்கு நிறம் ஏற்றல்: காவிரிப் படுகையை முன்வைத்து ஓர் ஆய்வு

காவிரிப் படுகையில் எந்த வழக்கையும் தண்ணீரே தீர்த்துவைக்கிறது. மேட்டூர் அணையின் மரபான திறப்பு நாளாகிய ஜூன் 12-ஐ ஒட்டியே குறுவை நாற்றங்காலும், நகைக்கடன் மீட்பும், பல வீடுகளில் கல்யாணப் பேச்சும் கணிக்கப்படும் இந்நிலத்தில், தண்ணீருக்கு அறவே கட்டுப்படாத பொருள் ஒன்று சமையலறை அலமாரியில் கிடப்பதை அறிஞர் உலகம் உரியவாறு கவனித்ததாகத் தெரியவில்லை. அப்பொருள் மெழுகு. வீட்டில் வார்க்கும் மெழுகுவர்த்திக்கு நிறம் ஏற்ற முயன்றோர் கண்ட தோல்விகளில் பெரும்பாலானவை, தண்ணீரில் கரைவது எதிலும் கரையும் என்னும் வயற்காட்டு நம்பிக்கையின் விளைவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

வீட்டு மெழுகுவர்த்தி என்பது, கட்டியாக வாங்கிய பாரஃபின் மெழுகை உருக்கி, நூல்திரி கட்டிய அலுமினிய அச்சில் ஊற்றி, ஆறியபின் பிரித்தெடுப்பது. வேளாங்கண்ணிப் பேராலயத்தில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 பெருவிழா வரை ஏற்றப்படுபவை கடைச்சரக்கு ஆதலின் இங்கு ஆராயப்படவில்லை. வீட்டு வார்ப்புக்குத் தூண்டுகோலாக இருந்த காலங்கள் இரண்டு: சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் நின்ற 2012-ஆம் ஆண்டும், 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரைகடந்த கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனதற்குப் பிந்திய வாரங்களும். இருட்டில் எரிக்கப்போகும் பொருளுக்கு நிறம் எதற்கு என்னும் வினா இவ்விரு காலத்திலும் எழுந்திருக்க வேண்டும். எழுப்பியவர்களை வீட்டார் அடக்கியிருக்கவும் வேண்டும்.

நிறமிகள் மூவகைப்படும்: நீரில் கரைவன, எண்ணெயில் கரைவன, எதிலும் கரையாதன. மெழுகு எண்ணெயின் இனத்தது. நிலத்தடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கையில் பிரிவது. நரிமணத்தில் எண்ணெய் எடுத்து, பக்கத்திலேயே பனங்குடியில் 1993 முதல் பல்லாண்டு சுத்திகரிப்பு ஆலையும் வைத்திருந்த பகுதி, மெழுகுக்கு மட்டும் மணலி போன்ற வெளியூர் ஆலைகளை நம்பியிருந்தது தனி ஆய்வுக்குரியது.

முதல் வகையின் தலைமகன் கேசரிப் பவுடர். டெல்டா வீடுகளில் இது இல்லாத அஞ்சறைப்பெட்டி அரிதாதலால், நிறம் ஏற்ற நினைப்பவரின் கை முதலில் அங்கேதான் போகிறது. உருகிய மெழுகில் ஒரு சிட்டிகை தூவினால் பொடி கரையாமல், சற்றுநேரம் சுழன்று, அடியில் படிகிறது. கரண்டியால் கலக்கக் கலக்க எழும்பி, நிறுத்தினால் மறுபடி படிகிறது. சிலர் பொறுமையிழந்து அதைத் தண்ணீரில் குழைத்து ஊற்றுவர். அப்போது ஆரஞ்சு நிறத் துளிகள் மணிமணியாகத் திரண்டு பாத்திரத்தின் அடியில் உருண்டோட, மேலே மெழுகு வெள்ளையாகவே நிற்கும். இதையும் மீறி அச்சில் ஊற்றியவர் பெறுவது விந்தையானதொரு பொருள். அச்சினுள் மெழுகுவர்த்தி தலைகீழாக நிற்பதால், படிந்த துகள் அனைத்தும் அதன் நுனியில் சேர்ந்து, நெற்றியில் பொட்டிட்டது போல் வந்து நிற்கிறது. அழகுதான், ஆனால் பற்றவைத்ததும் முதலில் தீய்வதும் அந்தப் பொட்டே. நீர்த்துளி சிக்கிய திரியோ படபடவென்று வெடித்து, பிள்ளைகளை மகிழ்வித்து, அணைந்துபோகிறது.

அற்றேல், திருபுவனத்துப் பட்டுக்கு ஏறும் சாயம் மெழுகுக்கு ஏறாதோ எனின், ஏறாது. பட்டுச்சாயம் கொதிநீரில் கரைந்து இழைக்குள் புகுவது. மெழுகுக்கு இழையுமில்லை, நீருமில்லை. செம்பருத்தி, சங்குப்பூ, பீட்ரூட் ஆகியவற்றின் நிறங்களும் நீரின் குடிகளே என்பதால் இவ்விடத்திலேயே விலக்கப்பட்டன.

எதிலும் கரையாதனவற்றுள் பள்ளிப் பிள்ளைகளின் கிரேயான் கவனத்துக்குரியது. கிரேயானும் மெழுகுதானே என்னும் வாதம் கேட்பதற்கு வலுவானது. உருக்கிச் சேர்த்தால் நிறமும் உடனே பரவுகிறது. எனினும் பரவுவது வேறு, கரைவது வேறு. அதில் உள்ளது நுண்துகள். திரி, உருகிய மெழுகைத் தன் நூலிழைகளின் இடுக்குவழியே மேலே இழுத்துத்தான் சுடருக்கு ஊட்டுகிறது. துகள் போய் அவ்விடுக்கில் அடைத்தால், வாய்க்கால் தூர்ந்து கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதைதான். சுடர் சிறுத்து, திரியின் தலை கரியாகி, சுற்றிலும் மெழுகு குளமாகத் தேங்கும். குங்குமமும் ரங்கோலிப் பொடியும் இவ்வாறே.

எண்ணெயில் கரைவனவற்றுள் மஞ்சள் முதலில் வைத்து எண்ணத்தக்கது. மஞ்சள் நீரில் கரைவதாக ஊரெல்லாம் நம்பினும், அதன் நிறப்பொருளாகிய குர்குமின் நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. மஞ்சள்நீர் என்பது பெரும்பாலும் மிதக்கும் தூள். சூடான மெழுகில் குர்குமின் ஓரளவு இறங்க, மாவுச்சத்து அடியில் தங்கும். தெளியவைத்துப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் இளமஞ்சள் கிடைக்கும். குறை ஒன்று உண்டு. இந்நிறம் வெயிலுக்கு ஆற்றாது; சன்னல் ஓரத்தில் வைத்தது சில வாரங்களில் வெளிறிவிடும். மிளகாய்த்தூளின் சிவப்பும் எண்ணெயில் இறங்கும் என்பது தாளிக்கும் எவருக்கும் தெரியும். மூடிய அறையில் அதை எரித்துப் பார்க்கும் துணிவு இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

செயற்கைச் சாயங்களின் வரலாறு, 1856-இல் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர் கொயினா செய்யப்போய் ஊதா நிறத்தைக் கண்டதிலிருந்து தொடங்குகிறது. இன்று கடையில், எண்ணெயில் கரையும் கலர் என்று வற்புறுத்திக் கேட்டால், ஒரு கிலோ மெழுகுக்கு ஒரு கிராம்கூடத் தேவைப்படாத பொடி கிடைக்கும். வற்புறுத்தாதவருக்குக் கேசரிப் பவுடரே மறுபடி வந்துசேரும் அபாயம் உண்டு. உருகிய நிலையில் நிறம் அடர்த்தியாகத் தோன்றி, இறுகியதும் வெளிறுவதால், வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டு ஆறவைத்துப் பார்த்தபின்பே அளவைக் கூட்ட வேண்டும். இவ்வொரு சொட்டுக்குக் காத்திராதவர்களால்தான் பஞ்சுமிட்டாய் நிறம் வேண்டிய வீடுகளில் செங்கல் நிறம் விளைந்தது.

நிறமேற்றிய மெழுகு நிறமுள்ள சுடரைத் தருமோ எனின், தராது. சுடரின் மஞ்சள் ஒளி அதனுள் கனலும் கரித்துகளால் வருவது என்பதை மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் கால உரைகளில் சிறுவர்களுக்கே விளக்கிவிட்டார். பச்சை மெழுகுவர்த்தி வாங்கிப் பச்சை ஒளிக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருப்பதால் இங்குக் கூற நேர்ந்தது.

உள்ளூர்ப் பொருட்களுள் மேலானது எதுவெனின், வேம்பாளம்பட்டை என்க. நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் இப்பட்டை, தேங்காயெண்ணெயைச் சிவக்கவைத்துக் கூந்தல் தைலமாக்குவது. தண்ணீரில் பெரிதாக எதையும் விடாமல், எண்ணெய் கண்டால் மட்டும் நிறத்தை இறக்கும் இதன் குணம், வேண்டிய சான்றுகள் அனைத்தையும் ஒருசேரத் தருகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கிய மெழுகில் பட்டையைச் சிறுதீயில் ஊறவிட்டு வடித்தால் ரோஜா முதல் செம்பழுப்பு வரையான நிறம் அமையும். தண்ணீருக்கு இங்குள்ள இடம், பாத்திரத்துக்கு அடியிலும் அச்சைக் குளிரவைக்கும் தொட்டியிலும் மட்டுமே. வடித்த மெழுகின் சிவப்பைக் கண்டு, ஆறுமுன் கொஞ்சம் தலைக்குத் தேய்த்துக்கொள்ளலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பின், ஆகாது என்று மறுக்க.