கப்பல்காரர் லீவுக்கு வந்திருக்கிறார்

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் ஏலம் சூடுபிடித்திருக்கும் நேரம். எல்லோரும் செவுளைத் தூக்கிப் பார்க்கும்போது, ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, 'இதுக்கு எது சேரும்?' என்று முணுமுணுத்தால் அவர் கப்பல்காரர். இரையுமன்துறை, இனயம், தூத்தூர் என்று கரைநெடுக இவர் இனம் உண்டு. சொகுசுக் கப்பலில் பாத்திரம் கழுவப் போனவர், மேசைக்குப் பரிமாறும் இடத்துக்கு உயர்ந்து, ஒப்பந்தம் முடிந்து திரும்பியிருப்பார். வளைகுடா போனவர் அத்தர் கொண்டுவருவார். இவர் கொண்டுவருவது அபிப்பிராயம்.

கூடவே, லுங்கியில் சுற்றிய இரண்டு குப்பி. விமானத்தில் வருகிறவர் இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்ற சட்டம் அவருக்கு மனப்பாடம். குப்பிக்குள் இருப்பது வெர்டிக்கியோ. இத்தாலியின் கிழக்குக் கரையில் மார்க்கே பகுதியில் விளையும் திராட்சையின் வெள்ளை ஒயின். இளம்பச்சை ஓடும் வெளிர் மஞ்சள் நிறம்.

"மக்கா, அந்தக் கரையில அங்கோனான்னு ஒரு துறைமுகம். அங்க மீன்கறிக்குப் பதிமூணு வக மீன் போடுவான். ப்ரொதெத்தோன்னு பேரு. புளிக்குப் பதிலா வினிகரு. அதுகூட இதக் குடிப்பான், கேட்டியா?"

கேட்கிறோம். கேட்காவிட்டால் விடமாட்டார்.

குப்பி எட்டிலிருந்து பத்து டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்பதால் ஃப்ரிட்ஜிலிருந்து இட்லிமாவுச் சட்டியை எடுத்து வெளியே வைத்தார். மாவு பொங்கி வழிந்தது. எவர்சில்வர் டம்ளர் ஆகாது என்று, கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி கிளாசைப் பரணிலிருந்து இறக்கவைத்தார். அரை கிளாஸ் ஊற்றி, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடினார். "பச்ச ஆப்பிள். எலுமிச்சந்தொலி. கடைசில பாதாங்கொட்டைக் கசப்பு."

மச்சினனும் மோந்து பார்த்தான். "எனக்கு அரிநெல்லிக்கா மணம்தான் வருது மச்சான்."

"அதுவும் சரிதான்," என்றார் பெருந்தன்மையாக.

அவர் சொல்வதில் விஷயம் இல்லாமலில்லை. சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனோடு சேர்ந்தால் உளும்பு தூக்கலாகும். வெள்ளையில் பெரும்பாலும் அந்தத் தொந்தரவு இல்லை. அதன் புளிப்பு பொரித்த மீனின் எண்ணெயை நாக்கிலிருந்து வழித்துவிடும். "எண்ணெய வெட்டும்" என்று அவர் விரலைக் கத்தரிபோல ஆட்டியபோது, அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "எலுமிச்சங்கா பிழிஞ்சாலும் வெட்டும். அதுக்கு ஆறு மாசம் கப்பலுக்குப் போவாண்டாம்."

எனக்கு அக்கா கட்சிதான். நெத்தோலி அவியலில் மாங்காய் விழுவதும் குடம்புளி மீன்கறியில் கிடப்பதும் அந்த வேலைக்குத்தான்.

கப்பல்காரர் அசரமாட்டார். ஆதாரத்துக்கு ரோமாபுரிக்கே போவார். அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ஒயின் சாடிகளின் உடைசல் கிடைத்ததையும், யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு பாடுவதையும் யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். "அவன் ஒயினு கொண்டாந்தான், நம்ம மிளகக் கொண்டுபோனான். நாமதான் குடிக்க மறந்துட்டோம்." நாம் மறந்ததாக டாஸ்மாக் கணக்கு சொல்லவில்லை. மீனும் கள்ளும் இங்கே பழைய ஜோடிதான். 1987-ல் தமிழ்நாடு கள்ளைத் தடைசெய்ததும் ஜோடி களியக்காவிளையைத் தாண்டிக் குடிபோய்விட்டது.

சாப்பாட்டு நேரம் வந்தது. உப்பும் நல்லமிளகும் மட்டும் போட்டுப் பொரித்த கணவாய்க்கும், ஓட்டோடு அவித்த சிப்பிக்கும் ஒயின் உண்மையாகவே பொருந்தியது. மச்சினன்கூட வாயடைத்துப்போனான். தேங்காய் அரைத்த அயிலைக் கறியோடு ஏதோ சமாளித்தது. பிறகு சாளைப் புளிமுளம் வந்தது. வற்றல்மிளகாய்க் காரத்தை மது தணிக்காது, தூண்டிவிடும். கப்பல்காரர் ஒரு துண்டு வாயில் போட்டு, ஒரு மிடறு குடித்தார். காது சிவந்தது. கண்ணில் தண்ணி. பதிமூன்று வகை மீன் போடுகிற அங்கோனாக்காரன் உதவிக்கு வரவில்லை.

கிளாசைத் தள்ளிவைத்தார். "இதுக்கு ஒயினு சேராது. கஞ்சிதான்," என்று தீர்ப்புச் சொன்னார்.

அக்கா கஞ்சியை முன்னால் வைத்தார். அவர் கையில் எடுத்து, லேசாகச் சுழற்றி, மோந்து பார்த்துவிட்டு, சம்பா அரிசிக் கஞ்சி எந்தச் சூட்டில் இருக்கவேண்டும் என்று ஆரம்பித்தார்.