பட்டு பட்டா பட்டுனு ஆறுமா?

வாடா கண்ணு. கையில என்ன கட்டு? மல்பெரித் தழை அறுக்கயில அருவா பட்டுடுச்சா? பட்டது சரி. அதுக்கு உங்கம்மா கூறைப்பட்டு முந்தானையையா கிழிச்சுச் சுத்துவ? பட்டு பட்டா கிருமி பட்டுனு செத்துடும்னு போன்ல எவனோ சொன்னானாக்கும்.

அப்பேர்ப்பட்ட சரக்குன்னா, நானும் உன் பாட்டியும் நாப்பது வருசமா பட்டுப்புழு வளக்குற மனையை பிளீச்சிங் பவுடர் போட்டு எதுக்குடா கழுவுறோம்? தட்டுல எதுக்குச் சுண்ணாம்பு தூவுறோம்? அந்தப் புழு நாலு தடவை தோலுரிச்சு, இருபத்தஞ்சு நாள் தின்னு கொழுத்து, வயிறு நிறையப் பட்டோட கூடு கட்டப் போற நேரத்துல பால்நோய் வந்து வெள்ளையா ஒழுகிச் சாவும். இன்னொண்ணு கருத்து அழுகி நாறும். தன்னையே காப்பாத்திக்கத் தெரியாத அதுகிட்டயா நீ வைத்தியம் கேக்குற?

பிரான்சுல பாஸ்டர், வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டாரே, அவரு 1865-லேருந்து சில வருசம் பட்டுப்புழு நோயோடதான் மல்லாடினாரு. கிருமி எப்படி நோயைப் பரப்பும்னு அவருக்குப் பாடம் எடுத்தது செத்துப்போன புழுங்கதான்.

2014-ல ஆஸ்திரேலியாவுல பட்டைச் சோதிச்சுப் பார்த்தாங்களாம். கிருமி சொகுசா வளந்துச்சாம். பட்டு கிருமியைக் கொல்லுதுன்னு முன்னாடி சிலர் கண்டதெல்லாம், பட்டு இழையோட பசையை எடுக்கப் போட்ட ரசாயனத்தோட மிச்சம்தான்னு சொல்லிட்டாங்க.

பட்டைப் பழிக்கிறேன்னு நெனைக்காத, சோறு போட்ட சாமி அது. ஆஸ்பத்திரியில தையல் போடுற கருப்பு நூல் பல நேரம் பட்டுதான். முடிச்சு நழுவாது, கைக்குப் பதமா இருக்கும். ஆனா பின்னின நூலு, இழைக்கு இழை நடுவுல கிருமி குடியேறிடும். அதுக்குத்தான் மெழுகு பூசுறான். பசை நீக்கின பட்டைக் கரைச்சு மெல்லிசா ஏடாக்கிப் புண்ணு மேல போட்டா ஈரம் காயாது, புதுச்சதை அதைப் பிடிச்சு ஏறும். கிருமியைக் கொல்லணும்னா அதுல வெள்ளியோ மருந்தோ ஏத்தணும். பட்டு வெறும் வண்டிடா, சரக்கு வேற.

ஏன் சிரிக்கிற? முந்தானை ஜரிகையில வெள்ளி இருக்குங்கிறியா? அந்தச் சீலை எடுத்தவன் நான். அன்னிக்கு நான் குடுத்த காசுக்குச் செம்பு இருந்தாலே பெருசு.

அவுத்துப் போட்டுட்டு சோப்புத் தண்ணியில கழுவு. அருவா துருப்பிடிச்சது, ஓடிப்போய் டிடி ஊசி போட்டுக்க. உங்கம்மா பீரோவைத் தொறக்குறதுக்குள்ள போயிடு. அப்புறம் படப்போற அடிக்குக் கட்ட இன்னொரு முந்தானை இல்ல.