மருதத் திணையில் ஜன்னல் ஒழுகல்

இங்கிலாந்தின் கிழக்கோரத்தில் நார்ஃபோக் பிராட்ஸ். ஆறும் ஏரியுமாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் படகோடும் நீர்வழி. கரையெங்கும் நாணல், மேய்ச்சல் நிலம், மாடு, நாரை. எனவே திணை மருதம் என்பதில் ஐயமில்லை. மருதத்துக்குரிய சிறுபொழுது வைகறை. பழைய மோட்டார் படகில் மெத்தை நனைந்திருப்பது தெரியவருவதும் அப்போதுதான். உரிப்பொருள் ஊடல். நனைந்த பக்கம் படுத்தவர், ‘ஜன்னல் ரப்பரை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னவரோடு ஊடுகிறார். இலக்கணம் இவ்வளவு பிசகின்றிப் பொருந்தும் இன்னொரு களத்தை இவ்வாய்வாளர் கண்டதில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 1970-களின் கண்ணாடியிழைப் படகு. அதன் ஜன்னலைப் பிடித்திருப்பது ஒற்றை ரப்பர்ப் பட்டை. ஒரு பக்கப் பள்ளத்தில் படகுச் சுவரின் விளிம்பு, மறுபக்கப் பள்ளத்தில் கண்ணாடி. மூன்றாவதாக ஒரு சிறு பள்ளம்; அதில் மெல்லிய பூட்டுப்பட்டையை அழுத்திச் செருகினால் ரப்பர் விரிந்து இரண்டையும் இறுக்கிக்கொள்ளும். ஆணி இல்லை, பசை இல்லை. இறுக்கம் மட்டுமே.

அந்த இறுக்கத்துக்குத்தான் வயதாகிறது. சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற கந்தக வைத்தியம் ரப்பரை வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் காத்தது, ஓசோனிடமிருந்து காக்கவில்லை. இயற்கை ரப்பர்ச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் தேடிப்பிடித்து வெட்டுகிறது. அதுவும் ரப்பர் எங்கே இழுபட்டு நிற்கிறதோ அங்கேதான் விரிசல் விழும். ஜன்னலின் வளைந்த மூலைகள் முதல் பலி ஆவது இதனால்தான். இன்று விற்கும் ஈபிடிஎம் ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு கிடையாது; ஓசோனுக்கு அங்கே வேலை குறைவு.

நோய்க்கு மருந்து என்ன என்பதில் உரையாசிரியர்கள் பிரிகிறார்கள். முதல் மரபினர் துண்டு வைப்போர். மிகப் பழைய மரபு, செலவில்லாதது, இரவில் இருமுறை பிழிய வேண்டும் என்பதொன்றே குறை. இரண்டாம் மரபினர் சிலிகான் பூசுவோர். எண்ணிக்கையிலும் ஊக்கத்திலும் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சிலிகான் போகும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விட்டுப் போகிறது. அதன்மேல் பெயின்ட் ஒட்டாது, வேறு பசை ஒட்டாது, புதுச் சிலிகானே சரியாக ஒட்டாது. ஒருவர் ஒரு மழைநாள் மாலையில் செய்த பூச்சை, அவருக்குப் பின் படகை வாங்கியவர்கள் வரிசையாகச் சுரண்டுகிறார்கள். மூன்றாம் மரபினர் பாலிசல்ஃபைடு அன்பர்கள். கடற்படகுகளில் பேர்போன பசைதான், ஆனால் அக்ரிலிக்கைக் கெடுக்கும். உடைந்த கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பொருத்தியவர்கள் இன்னொன்றையும் மறக்கிறார்கள். ஒரு மீட்டர் அக்ரிலிக், வெப்பம் 30 டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இத்தனை நடமாட்டமுள்ள பொருளை இறுகிப்போகும் பசையால் கட்டிப்போட்டால் எது முதலில் பிய்யும் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை.

இவற்றைவிடப் பெரிய சிக்கல், ஒழுகும் இடம் வேறு, புகும் இடம் வேறு என்பது. மேல் திருகுத் துளையில் நுழைந்த நீர் உள்தகட்டின் பின்னால் ஓடி, இரண்டு ஜன்னல் தள்ளிச் சொட்டும். இதற்காகப் படகுக்காரரைக் குறை சொல்வது அநியாயம். பிராட்ஸ் ஏரிகள் இயற்கையானவை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1950-களில் தாவரவியலாளர் ஜாய்ஸ் லாம்பர்ட் மண்ணைத் துளையிட்டு ஆராய்ந்து, அவை இடைக்கால மக்கள் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டிய குழிகள், பின்னால் நீர் புகுந்து நிறைந்தவை என்று காட்டினார். ஏரிகளுக்குள் தண்ணீர் வந்த கதையையே தவறாகச் சொல்லிவந்த வட்டாரத்தில், மெத்தைக்குத் தண்ணீர் வந்த வழி ஒருவருக்குப் பிடிபடாதது பெரிய குற்றமா?

பிடிபட ஒரு வழி உண்டு. ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்க, மற்றவர் வெளியே ஹோஸால் கீழிருந்து மேலாக மெல்ல நனைத்துவர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா ஜன்னலும் குற்றவாளியாகத் தெரியும். தள்ளு ஜன்னலானால் கீழ்ச்சட்டத்தில் சிறு துளைகள் இருக்கும். தேங்கிய நீர் வெளியேற வைத்தவை. அவற்றையும் ஓட்டை என்று கருதி முதலில் அடைத்துவிடுவது சிலிகான் மரபின் தலையாய சாதனை.

ரப்பரை மாற்றும் வேலையைச் சுருக்கிச் சொல்லலாம். பூட்டுப்பட்டையை உருவி, கண்ணாடியை உள்ளிருந்து தள்ளி, வெளியே இன்னொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். விளிம்பைச் சுரண்டித் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்புநீர் தடவிப் புது ரப்பரைச் சுற்றி, கண்ணாடியை அமர்த்தி, கொக்கிக் கருவியால் புதுப் பூட்டுப்பட்டையை ஏற்றினால் முடிந்தது. ரப்பரைச் சற்று நீளமாகவே வெட்ட வேண்டும். நுனிகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கத்தான் அந்த உபரி.

அந்த நுனிகள் சேரும் இடம் மேலேயா, கீழேயா என்பதில் இன்றுவரை முடிவில்லை. கீழே என்றால் தண்ணீர் தேங்கும் என்பார் மேல்கட்சியினர். மேலே என்றால் மழை நேராக விழும் என்பார் கீழ்க்கட்சியினர். ரப்பர் எங்கே தீர்ந்துபோகிறதோ அதுவே இடம் என்னும் மூன்றாம் கட்சி, வெட்டும்போது கஞ்சத்தனம் செய்தவர்களால் நிறுவப்பட்டது. மிஞ்சிய இடைவெளியை அவர்கள் எதைக்கொண்டு அடைக்கிறார்கள் என்பதற்கு, மேலே இரண்டாம் மரபினரைப் பற்றிய பகுதியைக் காண்க.