சாமத்தில் டார்ச் விளக்குடன் செல்லும் ஒருவரைக் குறித்த விசாரணை

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில், சாணார்பட்டியைச் சற்றே ஒட்டினாற்போல், மிக அண்மைக் காலம் வரையில் தக்காளியும் நிலக்கடலையும் விளைந்துகொண்டிருந்து, பின்னர் மனைகளாகக் கூறு போடப்பட்டு, எல்லைக்கல் நடப்பெற்று, தேசத்தலைவர் ஒருவரின் பெயரோடு 'நகர்' என்ற விகுதியும் சேர்த்து நாமகரணம் செய்யப்பெற்ற குடியிருப்பு ஒன்று உண்டு. அங்கே வாசம் செய்வோர் பெரும்பாலும் ஓய்வூதியம் பெறுவோர். ஆகவே உறக்கம் குறைந்தவர்கள். ஆகவே ஆராய்ச்சிக்கு மிகவும் தகுதி வாய்ந்தவர்கள். அந்நகரின் நடுத்தெரு வழியே, ஊர் அடங்கிய பிறகு, எந்த வீட்டாருக்கும் உறவோ நட்போ இல்லாத ஒரு மனிதர் நாள்தோறும் போவதும் வருவதுமாக இருந்த விருத்தாந்தத்தைப் பற்றி இதுகாறும் ஒருவரும் முறையாக ஒரு வியாசம் எழுதி வைக்காதது பெருங்குறையே ஆகும்.

முதற்கண் ஆய்வுப் பொருளின் இலட்சணத்தை வரையறுத்துக்கொள்வோம். தலையில் முண்டாசாகச் சுற்றிய துண்டு. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி. இடக்கையில் மூன்று கட்டை போடும் பழைய டார்ச். வலக்கையில் ஆளுயரக் கம்பு. வடக்கேயிருந்து வந்து, சிறுமலை கறுப்பாய்த் தெரியும் தென்திசை நோக்கிப் போவார். போகும்போது கம்பைத் தரையில் தட்டிக்கொண்டே போவார். தெருமுனையில் உள்ள டிரான்ஸ்பார்மரின் கீழ் நின்று, டார்ச்சை அண்ணாந்து அடித்து, எதையோ எண்ணிப் பார்ப்பவர்போல் முகவாய் அசையச் சற்று நேரம் நிற்பார். பிறகு இருட்டில் மறைந்துவிடுவார். ஒரு நாழிகைக்கெல்லாம் திரும்புவார். திரும்புகையில், போகும்போது ஏறிட்டும் பாராத ஓர் இடத்தில், அதாவது எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் உபதலைவர் வீட்டுச் சுற்றுச்சுவருக்கு நேர் எதிரே, டார்ச்சைத் தரையில் அடித்துக் குந்தி உட்கார்ந்து, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துவிட்டு, எழுந்து வடக்கே போய்விடுவார். ஒரு வாரம் இரவு பத்து மணியை ஒட்டி வருபவர், மறுவாரம் நடுநிசி கழிந்து வருவார். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பிடித்துக்கொண்டால் ஆளையே காணோம்.

ஜெர்மானிய ஞானி காண்ட் என்பவர் கோனிக்ஸ்பர்க் நகரத்தில் மாலைதோறும் உலாவப் புறப்படுவதைப் பார்த்து அவ்வூரார் தத்தம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. எங்கள் மனிதரை நம்பிக் கடிகாரத்தைத் திருத்தியவன் வாரத்துக்கொரு முறை வேறொரு தேசத்தின் நேரத்துக்குக் குடிபெயர வேண்டியதுதான்.

இனிப் பிரமாணங்கள். நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரிகள் பிரத்தியட்சம், அநுமானம், உபமானம், சப்தம் என நான்கு பிரமாணங்களைக் கூறுவர். பிரத்தியட்சத்துக்கு ஜன்னல் போதுமானதாக இருந்தது. அநுமானத்திலேதான் இடர்ப்பாடு. மலையிலே புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டென்று அநுமானிக்கலாம் என்பது அந்தச் சாஸ்திரத்தின் தலையாய திருஷ்டாந்தம். சிறுமலையடிவாரத்தில் குடியிருப்பவனுக்கு அது செல்லாது. மார்கழிக் காலையில் அம்மலையின் மேல் புகையென்று எண்ணி நாம் பார்ப்பது அனைத்தும் பனிமூட்டமே. இவ்விதம் காரியத்தைக் கண்டு காரணத்தை ஊகிக்கும் வழி பூகோளத்தினாலேயே அடைபட்டுப்போன ஓர் ஊரில், நூல்களின் துணையைத் தேடுவது ஒன்றே கதி.

நூல்களோ இரவில் நடமாடுபவனைப் பற்றி ஏராளமாகப் பேசுகின்றன. தொல்காப்பியர் யாமம் என்னும் சிறுபொழுதைக் குறிஞ்சித் திணைக்கு உரியதாக்கினார். சாணார்பட்டி சமவெளியே ஆயினும், மலையின் நிழலில் கிடப்பதால், யாமத்தின்மீது அதற்கும் ஓரளவு பாத்தியதை உண்டெனக் கொள்ளலாம். குறிஞ்சியில் யாமத்தில் வருபவன் தலைவன். அவன் வரவு இரவுக்குறி எனப்படும். அதற்கு இடையூறுகளாக அகப்பொருள் இலக்கணம் ஏழினைக் காட்டும்: தாய் உறங்காள், நாய் உறங்காது, ஊர் உறங்காது, காவலர் விரைந்து சுற்றுவர், நிலவு வெளிப்படும், கூகை குழறும், கோழி கூவிவிடும். இவற்றுள் நாய்கள் உறங்காமையும், ஓய்வூதியம் காரணமாக ஊர் உறங்காமையும் எங்கள் தெருவில் பரிபூரணமாக இருந்தன. எனினும் ஐம்பத்தைந்து பிராயத்துக்குக் குறையாத ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு களவொழுக்கத்துக்குப் புறப்பட்டார் என்று கொள்வதற்கு உரையாசிரியர் எவரும் இடங்கொடார்.

அடுத்தது திருட்டுப் பட்சம். இதன் ஆசாரியர் உபதலைவரே. இரவு மதுரையில் கள்வரும் அவர்களைத் தேடித் திரியும் ஊர்காவலரும் நடமாடுவதை மதுரைக்காஞ்சி விவரிப்பதையும், சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் கொலைக்களக் காதையில் கள்வர்க்குத் துணையாகும் எட்டினை அடுக்கிச் சொல்வதையும் அவர் அறிந்திருந்தார். வேலையிலிருந்த காலத்தில் தமிழாசிரியர். அந்த எட்டாவன: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுவதையும் இவ்வெட்டினையும் எங்கள் மனிதர்மீது பொருத்திப் பார்ப்பதில் செலவிட்டோம். காலம் பொருந்திற்று. கருவி எனக் கம்பைக் கொண்டோம். முணுமுணுப்பதால் மந்திரமும் பொருந்திற்று. மருந்தைத்தான் எங்கும் பொருத்த முடியவில்லை. டார்ச் ஒளியில் திருடுபவன் உலகில் உண்டா என்ற ஆட்சேபத்துக்கும் விடை கிடைக்கவில்லை. இங்ஙனம் நிரபராதி ஒருவனைக் கொல்வித்த பொய்யன் வாக்கையே பிரமாணமாகக் கொண்டு இன்னொருவரைக் கள்வர் எனச் சாதிப்பது தமிழாசிரியருக்கு அழகா என்று நான் வினவியபோது, உபதலைவர் காப்பி ஆறிப்போவதாகச் சொல்லி உள்ளே சென்றுவிட்டார்.

மற்றப் பட்சங்களைச் சுருங்கச் சொல்லலாம். சர்க்கரை வியாதியுள்ள ஒருவர், இவர் வைத்தியர் சொற்படி நடைபயில்கிறார் என்றார். மனையை மும்மடங்கு விலைக்கு விற்க எண்ணியிருந்த ஒருவர், நான்குவழிச் சாலைக்கு ரகசியமாய் நிலம் அளக்கிறார் என்றார். இதற்குப் பூர்வ உதாரணம் இல்லாமலில்லை: நயின் சிங் ராவத் என்பவர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணி கோத்த ஜபமாலையை உருட்டிக் காலடிகளைக் கணக்கிட்டே திபெத்தை அளந்தார், அவரை யாத்திரிகர் என்றே கண்டவர்கள் நினைத்தார்கள். ஆனால் அவர் அளந்த பாதை ஒவ்வொரு நாளும் புதியது; நம்மவரோ அளந்த தெருவையே அளக்கிறார். உபதலைவரின் மனைவியார், வீட்டெதிரே மண்ணைத் தொடுவதைக் கண்ணாரக் கண்டவராதலால், செய்வினை என்று துணிந்து, வாசலில் பூசணிக்காய் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். இவையெல்லாவற்றிலும் ஒரு பொதுத் தன்மையை ஆராய்ச்சியாளன் கவனிக்கத் தவறலாகாது. வியாதியுள்ளவர் வியாதியையும், மனையுள்ளவர் மனையையும் கண்டார்.

இவற்றுள் கௌரவமான பட்சம் சாமக்கோடங்கிப் பட்சம் ஒன்றே. ஊர் உறங்கும் வேளையில் மயானத்துப் பக்கமிருந்து வந்து, தெருவில் நின்று குடுகுடுப்பையை உருட்டிக் குறி சொல்லி, பொழுது விடிந்தபின் வந்து தானியமும் பழந்துணியும் பெற்றுச் செல்லும் அம்மரபினர் இப்பகுதிக்கு அந்நியர் அல்லர். அன்னோர் இரவில் வரும்போது எதிரே போகலாகாது, பேச்சுக் கொடுக்கலாகாது என்று எங்கள் பாட்டிமார் வைத்திருந்த விதியை, அவர்களுடைய பேரர்களாகிய நாங்கள், பட்டம் பெற்றவர்களாயினும், இந்த மனிதரிடத்தும் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் குடுகுடுப்பை இல்லாத கோடங்கி, குறி சொல்லாத கோடங்கி, காலையில் கூலி கேட்டு வராத கோடங்கி எங்கேயும் கேள்விப்படாதது.

எஞ்சிய பிரமாணம் சப்தம். அதாவது நம்பத்தகுந்தோர் வாய்மொழி. அது கீரைக்கட்டு ரூபத்தில் வந்தது. திங்கட்கிழமைதோறும் கூடையுடன் வரும் மூதாட்டி, எங்கள் விவாதத்தை அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் இடையில் செவிமடுத்து, சொன்னதாவது:

"அவரா? எங்க கொழுந்தன்தாய்யா, வேற யாரு. தண்ணி பாய்ச்சப் போறாரு. ராத்திரிக்குத்தான திரீ பேஸ் கரண்டு விடுறான்."

சபையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் உபதலைவர், சம்பந்தப்பட்டவரின் அண்ணன் மனைவியாகிய இவ்வம்மையாரின் சாட்சியம் பட்சபாதமுடையதாகலாம் என்றும், சென்ற வாரம் இவர் கொடுத்த கீரை வாடியிருந்தமையால் ஆப்தர் என்ற இலக்கணத்துக்கு இவர் உட்படுவாரா என்பது சந்தேகம் என்றும் கூறியதை, நடவடிக்கைக் குறிப்பில் பதிந்துகொண்டோம்.

எனினும் நான் அன்றிரவே இதனைப் பரிசோதிக்கத் தலைப்பட்டேன். விவசாயத்துக்கான மின்சாரத்தின் சரித்திரத்தைச் சற்றே அறிதல் இங்கு அவசியம். சென்னை ராஜ்யத்து மின்சார வாரியம் 1957இல் ஏற்பட்டது. ஏற்றமும் கமலையும் கண்ட கிணறுகளில் மோட்டார்கள் இறங்கின. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் அந்த மின்சாரம் இலவசமாயிற்று. விலையில்லாத பொருளுக்கு வேளை உண்டல்லவா? மோட்டாரைச் சுழற்றும் மும்முனை மின்சாரம் பகலில் 6 மணி நேரமும் இரவில் 3 மணி நேரமுமாக, பகுதி பகுதியாக முறைவைத்து விடப்பட்டது. (நாள் முழுதும் என்ற அறிவிப்பு 2021இல் வந்தது; நமது ஆய்வு அதற்கு முற்பட்ட காலத்தது.) இந்த 3 மணி நேரம் என்பதில்தான் இவ்விசாரணையின் சிகரமான கண்டுபிடிப்பு அடங்கியிருக்கிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். ஏழரை நாழிகை கொண்டது ஒரு சாமம். அது சரியாக 3 மணி நேரம். கடிகாரம் வந்து சாமக் கணக்கு வழக்கொழிந்ததென்று நாமெல்லாரும் நம்பியிருக்க, மின்சார வாரியத்தார் எவருடைய வேண்டுகோளும் இன்றிப் பகலுக்கு இரண்டு சாமம், இரவுக்கு ஒரு சாமம் என்று அதனைத் திரும்பவும் நிலைநாட்டியிருக்கிறார்கள். பழைய அரசர்கள் நாழிகை வட்டிலைப் பார்க்க ஆள் வைத்திருந்தார்கள். இக்காலத்தில் அவ்வேலை மோட்டார் ரூமுக்குள் எரியும் மூன்று சிறு விளக்குகளிடம் இருக்கிறது. மூன்றும் எரிந்தால் சாமம் பிறந்தது. இரண்டு மட்டும் எரிந்தால் பொறுமையிழந்தவர்கள் கண்டென்சர் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். சில மோட்டார்கள் ஓடும், சில காயில் கருகி மறுநாள் திண்டுக்கல்லுக்கு வைண்டிங் கட்டப் போகும்.

இதைக்கொண்டு மற்ற இலட்சணங்களெல்லாம் தாமாகவே அவிழ்ந்தன. வேளை வாரத்துக்கு வாரம் மாறியது முறை மாறியதால். மழைநாளில் வராமை, மழை வந்தால் தண்ணீர் பாய்ச்ச வேண்டாமையால். டிரான்ஸ்பார்மரை அண்ணாந்து பார்த்தது, மூன்று பீஸும் போகாமல் இருக்கின்றனவா என்று எண்ண. கம்பைத் தட்டியது கட்டுவிரியனுக்கு அறிவிப்பு. இரவில் இரைதேடும் அந்த ஜந்து தரையின் அதிர்வை உணர்ந்தே வழிவிடும். டார்ச் மூன்று கட்டையாய் இருந்தது, சிறுமலையிலிருந்து இறங்கித் தோட்டத்துக்குள் புகும் காட்டுமாட்டைத் தூரத்திலேயே கண்டுகொள்வதற்கு. காட்டுமாட்டைப் பக்கத்தில் வந்தபின் காண்பதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. கிணறு தெற்கே, தோட்டம் வடக்கே. இரண்டுக்கும் நடுவே பிற்பாடு முளைத்தது எங்கள் நகர். ஆகவே தெற்கே போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீரைத் தொடர்ந்து வடக்கே வருகிறார்.

ஒன்று மட்டும் மிஞ்சியது: மண்ணைத் தொடுதல். போகும்போது இல்லை, வரும்போது மட்டும். அதுவும் அந்த ஒரே இடத்தில். அடுத்த திங்கட்கிழமை இவ்வினாவை மூதாட்டியிடம் வைத்தோம். கூடையை இறக்கி வைக்காமலே விடை சொன்னார்.

"பைப்பு இந்தத் தெருவுக்கு அடியிலதான போகுது, நீங்க வீடு கட்டுறதுக்கு முந்தியே பதிச்சது. அங்க முழு வாய்த் தண்ணி போகுது, தோட்டத்துக்கு வரும்போது முக்காவாசிதான் வருது. இங்கனக்குள்ள எங்கயோ கசியுதுங்குறாரு. மண்ணு ஈரமாத்தான் இருக்கு, இடம் பிடிபட மாட்டேங்குது."

சபையினர் அனைவரும் ஏககாலத்தில் தலையைத் திருப்பி, உபதலைவர் வீட்டுச் சுற்றுச்சுவருக்கு உட்புறம், சித்திரை வெயிலில் தெருவிலுள்ள செம்பருத்தியெல்லாம் சருகாய்ச் சுருண்டு நின்ற அந்நாளில், இலை கிழியாமல் கரும்பச்சையாய்த் தழைத்து நின்ற மூன்று வாழை மரங்களைப் பார்த்தோம். அவற்றுக்கு அவர் ஒருநாளும் குடத்தால் தண்ணீர் விட்டு நாங்கள் கண்டதில்லை. மண்ணின் குணம் என்று முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

திருட்டுப் பட்சத்தை இனியும் வலியுறுத்துவது பொருத்தமாகாது என்று உபதலைவரே முன்மொழிந்தார். விசாரணையைக் காலவரையறையின்றி ஒத்திவைக்கும் தீர்மானத்தையும் அவரே கொண்டுவந்தார், ஒருமனதாக நிறைவேறிற்று. பூசணிக்காய் அவிழ்க்கப்பட்டது. ஆனியில் வாழை குலை தள்ளிப் பழுத்தபோது, ஆய்வுக் குழுவினர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு சீப்பு வீதம் வந்து சேர்ந்தது. நல்ல பழம்; கீரைக்கார அம்மாளுக்கும் ஒன்று கொடுத்தோம்.