வண்டி இல்லாமல் ஒரு டிரைவிங்

கேள்வி: 'டிரைவ் மீ கிரேஸி' என்கிறார்களே, இதில் வண்டி எங்கே?

பதில்: வண்டியே கிடையாது, ஓட்டப்படுவது ஆளின் புத்தி! வினைச்சொல், பிரதிப்பெயர், பெயரடை என்று மூன்றும் இப்படி வரிசைகட்டினால், கடைசிச் சொல் நடுவில் இருப்பவரின் கதியைச் சொல்கிறது. தமிழில் இதற்கு 'ஆக்கு' இருக்கிறது: பைத்தியமாக்கினான், பணக்காரனாக்கினான்.

ஆங்கிலத்தில் ஜோடிப் பொருத்தம் பார்த்தாக வேண்டும். 'மேக்' பரம சாது. ஹேப்பி, சேட், ஆங்க்ரி எதனுடனும் குடித்தனம் நடத்தும். 'டிரைவ்' அப்படியல்ல, மேட், கிரேஸி வகையறாவோடுதான் சகவாசம். 'டிரைவ் மீ ஹேப்பி' என்றால் லண்டன்காரர் முழிப்பார்.

கடைசிச் சொல்லில் ஒட்டும் 'லி' என்ற வால் விஷயத்திலும் ஜாக்கிரதை. 'ஐ ஃபவுண்ட் இட் ஈஸி' என்றால் கணக்கு சுலபமாக இருந்தது. 'ஈஸிலி' என்றாலோ, தொலைந்த சாவி சுலபமாகக் கிடைத்தது!