காளியம்மாளுக்குச் சொல்லாத தேதி

மலேசியாவில் இராணுவ வீரனின் மனைவிக்கு விவாகரத்து கேட்கும் உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாராளமாக உண்டு. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தில் 51ஆம் பிரிவைப் புரட்டுங்கள். கணவன் இஸ்லாத்தைத் தழுவிவிட்டால், தழுவாத மனைவி மணவிலக்கு கேட்டு மனுப் போடலாம். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ஆதரவு கேட்கலாம். அன்றைய சட்டத்தில் ஒரே ஒரு நிபந்தனை: அவன் மாறிய நாளிலிருந்து மூன்று மாதம் கழிந்திருக்க வேண்டும். அந்த நாள் எது என்று அவளுக்கு யார் சொல்வது? சட்டம் அதை எழுதவில்லை. 1976இல் பேனாவில் மை தீர்ந்துபோயிருக்கலாம்.

1997 மே 23 அன்று மலேசியர்கள் முதன்முதலாக எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்தார்கள். ஏறிய இருவர் மகேந்திரனும் மோகனதாஸும். அந்தப் பயணக் குழுவில் இருந்த இன்னொரு தமிழர் தரைப்படை வீரர் மூர்த்தி. மறு ஆண்டே பயிற்சியில் நேர்ந்த விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. மலை ஏறியபோது கைதட்டக் கூட்டம் இருந்தது. சக்கர நாற்காலிக்கு வந்தபின் மனைவி காளியம்மாள் இருந்தார்.

2005 நவம்பரில் மூர்த்தி அந்த நாற்காலியிலிருந்து விழுந்து நினைவிழந்தார். டிசம்பர் 20 அன்று கோலாலம்பூர் மருத்துவமனையில் இறந்தார். பிணத்தை வாங்கப் போன மனைவிக்கு முன்னால் இஸ்லாமிய அதிகாரிகள் நின்றார்கள். உன் கணவர் போன வருடமே முஸ்லிமாகிவிட்டார், உடல் எங்களுக்கு என்றார்கள்.

மூர்த்தி எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்பது அவருக்கும் அந்தச் சாமிக்கும் உள்ள கணக்கு. மாறியிருந்தால் அது அவர் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. அவர் கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார் என்றார் காளியம்மாள். நான் கேட்பது தேதியை. 2004 அக்டோபரில் மாறினார் என்கிறார்களே, அப்படியானால் 2005 பிறந்தவுடனேயே 51ஆம் பிரிவின் கதவு காளியம்மாளுக்குத் திறந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு வருடம் திறந்தே கிடந்தது. உள்ளே போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பெருமையை நாடு அவருக்கு வழங்கியிருந்தது. வீட்டுக்காரிக்குத் தகவல் சொல்வது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தே தாரிக் கடையில் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, ஸ்டோர்ல ஒரு தண்ணிப் புட்டி காணாமப் போனா எத்தனை கையெழுத்து வாங்குவான் தெரியுமா?" என்றார். புட்டி அரசாங்கச் சொத்து. புருஷன் அந்தப் பட்டியலில் இல்லை போலிருக்கிறது.

சரி, நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன. டிசம்பர் 22 அன்று ஷரியா உயர் நீதிமன்றம் மூர்த்தி முஸ்லிம்தான் என்று தீர்த்துவிட்டது. அந்த மன்றத்தில் ஏறிப் பேச காளியம்மாளுக்கு வழியில்லை, ஏனென்றால் அவர் முஸ்லிம் இல்லை. சிவில் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அங்கே ஏறலாம், பேசலாம், அழலாம், பதில்தான் கிடைக்காது. ஷரியா மன்றத்தின் அதிகாரத்தில் சிவில் மன்றம் தலையிடாதபடி 1988இல் சேர்த்த அரசியலமைப்பின் 121(1A) பிரிவு எங்கள் கையைக் கட்டியிருக்கிறது என்று டிசம்பர் 28 அன்று மன்றம் ஒதுங்கிக்கொண்டது. சில மணி நேரத்தில் மூர்த்தியின் உடல் முஸ்லிம் மயானத்தில் அடக்கமானது. வழக்குகள் பத்து வருடம் இழுக்கும் ஊரில் இப்படி ஒரு வேகம்! மேல்முறையீடு மட்டும் நம் ஊர் வழக்கப்படி நிதானமாக நடந்து 2010 ஆகஸ்டில் தள்ளுபடியானது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்தையாவது அடிக்கிறவன் தொடுகிறான். காளியம்மாளை இரண்டு மன்றமும் தொடவே இல்லை.

இந்த நாட்டுக்கு மூன்று மாதம் எண்ணத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். விரல் மடக்கி எண்ணுவார்கள். சுபாஷினி வழக்கைப் பாருங்கள். கணவர் மதம் மாறியது 2006 மே 18. மனைவி மணவிலக்கு மனுப் போட்டது ஆகஸ்டு 4. மூன்று மாதத்துக்கு இன்னும் பதினான்கு நாள் குறைகிறது, மனு செல்லாது என்று 2007 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பதினான்கு நாள் குறைந்ததைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் ஆனது. தேதி தெரிந்தவள் அவசரக்காரி ஆனாள். தேதி தெரியாதவளுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. மூன்றாவதாக ஈப்போவிலிருந்து இந்திரா காந்தி என்ற தாய் வழக்கோடு வந்தார். 2009இல் கணவர் மதம் மாறி, பதினோரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். சிவில் நீதிமன்றத்தின் அதிகாரத்தை யாரும் பிடுங்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29 அன்று அழகாக எழுதியது. தீர்ப்பு வந்தது, பிள்ளை வரவில்லை.

நம் தலைவர்கள் சும்மா இருந்தார்களா? இல்லவே இல்லை. மூர்த்தியைப் புதைத்த அடுத்த மாதமே, முஸ்லிம் அல்லாத அமைச்சர்கள் சேர்ந்து பிரதமரிடம் மகஜர் கொடுத்தார்கள். பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கோவிலில் பூமாலையைக் கொடுத்துப் பிரசாதமாகத் திரும்பப் பெறுவதில்லையா, அந்தப் பழக்கம். மதம் மாறுகிறவர் குடும்பத்துக்குத் தெரிவிக்க விதி வரும் என்று 2008இல் பிரதமர் அப்துல்லா படாவி சொன்னார். வரும் என்றுதான் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை. தேதி சொல்லாமலிருப்பது இந்த விவகாரத்தில் எல்லாருக்கும் தொற்றும் வியாதி.

கடைசியில் 2017 ஆகஸ்டில் மக்களவை 51ஆம் பிரிவைத் திருத்தியது; 2018 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. மதம் மாறியவரும் இனி சிவில் நீதிமன்றத்திலேயே மணவிலக்கை முடித்துக்கொள்ளலாம். மணவிலக்கு ஆகுமுன் அவர் இறந்தால் துணைவியும் பிள்ளைகளும் சொத்தில் பங்கு கேட்டு நீதிமன்றம் போகலாம். நல்லது, கைதட்டுகிறேன். பிள்ளைகளை மதம் மாற்ற இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்ற 88A பிரிவு முதல் மசோதாவில் இருந்தது. வாக்கெடுப்புக்கு முன்பே காணாமல் போனது. மனைவிக்குத் தகவல் சொல்லும் கடமையோ காணாமல் போகக்கூட இல்லை. எழுதியிருந்தால்தானே காணாமல் போவதற்கு!

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. மணமான ஒருவர் மதம் மாறிப் பதிவு செய்தால், பதிவு செய்த அலுவலகம் ஏழு நாளுக்குள் அவர் துணைக்குப் பதிவுத் தபால் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்தப் பதிவு அவள்மேல் செல்லாது. அவ்வளவுதான். படைவீரனாக இருந்தால் முகாம் அலுவலகத்தில் அவன் வீட்டு முகவரி இருக்கிறது. சம்பளச் சீட்டு அங்கேதான் போகிறது.

அடுத்த தேர்தலில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் மாலையோடும் மேளத்தோடும் வருவார்கள். வடை கொடுங்கள், தேநீர் கொடுங்கள். ஓட்டுக் கொடுக்குமுன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: அந்தத் தபாலை எந்தத் தேதியில் அனுப்பப் போகிறீர்கள்?